குரல் காத்த வைத்தியர் ஸர் மாரெல் மெக்கன்ஸி

மனிதனுக்கு வாய்த்த கருவிகளுள் குரலைப்போல் அருமையானது பிறிதொன்றில்லை. தாய் தன் குழந்தையைத் தாலாட்டுவதும், ஆசிரியர் மாணாக்கர்க்குப் பாடம் புகட்டுவதும், வர்த்தகர் விலை பேசுவதும், பாடகர் சபையை உருக்குவதும், நியாயவாதி வழக்கை எடுத்துரைப்பதும் ஆகிய யாவும் கழுத்தினுள்ளே ஓரங்குல நீளங்கூட நிரம்பாத இரண்டு சிறு மடிப்புக்களின் அசைவினாலே நிகழ்வன. அக்கருவி பழுதுற்றாலன்றி அதன் அருமையை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கண்ணில் நோய் கண்டால் வைத்தியர் கண்ணைப் பார்க்கலாம். நாவை நீட்டச் சொல்லி நாவைப் பார்க்கலாம். குரல்வளையோ நாவின் அடிப்பாகத்திற்கும் அப்பால், வளைவின் கீழே, இருளில் மறைந்து கிடப்பது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், உயிரோடிருப்பவருடைய குரல்வளையைத் தெளிவாகக் கண்டு அதற்கு வைத்தியஞ் செய்தவர் இல்லையென்றே கூறலாம். குரல் கம்மியவருக்கு வைத்தியர் செய்ததெல்லாம் ஊகத்தின்மேற் செய்ததே. அந்த ஊகத்தைக் காட்சியாக மாற்றியவர்களுள் முன்னணியில் நின்றவரும், பாடகர்க்கும் பேச்சாளர்க்கும் குரல் காக்கும் வழியை வகுத்தவரும், இறுதியில் ஒரு சக்கரவர்த்தியின் தொண்டையின் பொருட்டு இரண்டு தேசங்களின் புகழ்ச்சிக்கும் இகழ்ச்சிக்கும் ஒருங்கே ஆளானவருமாகிய ஸர் மாரெல் மெக்கன்ஸி என்னும் ஆங்கில வைத்தியருடைய சரித்திரத்தை இங்கே சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

பிறப்பும் இளமையும்

மெக்கன்ஸி 1837-ம் வருஷம் ஜூலை மாதம் 7-ந் தேதி இங்கிலாந்து தேசத்தில் எஸெக்ஸ் ஜில்லாவைச் சேர்ந்த லேட்டன்ஸ்டன் என்னும் ஊரிற் பிறந்தார். விக்டோரியா அரசியார் பட்டமெய்தியதும் அவ்வருஷமே. தந்தையார் ஸ்டீபன் மெக்கன்ஸி அவ்வூரில் வைத்தியத் தொழில் நடத்தி வந்தவர். சிறிய தந்தையார் ஒருவர் ஹென்றி காம்ப்டன் என்னும் புனைபெயரோடு நாடக மேடையில் நடித்துப் பெயர் பெற்ற விகட நடிகர். வைத்தியமும் நாடகமும் ஒரு குடும்பத்திலேயே அமைந்திருந்தது, பின்னாளில் நடிகர்க்கும் பாடகர்க்கும் வைத்தியராக விளங்கப்போகும் பிள்ளைக்குப் பொருத்தமாயிற்று.

மெக்கன்ஸிக்குப் பதினான்கு வயதாயிருந்தபோது, 1851-ம் வருஷத்தில், தந்தையார் வண்டியினின்று வீழ்ந்து இறந்துபோனார். சம்பாதிப்பவரை இழந்த குடும்பத்தின் நிலைமை இத்தகையதென்று நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. மூத்த மகனாகிய மெக்கன்ஸி படிப்பை விட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனியொன்றிற் குமாஸ்தாவாக அமர்ந்தார். பகலெல்லாம் கணக்கெழுதுவதும், மாலையில் கிங்ஸ் காலேஜில் நடந்த வகுப்புக்களுக்குச் செல்வதுமாகச் சில காலம் கழிந்தது. தந்தையார் தொழிலையே தாமும் மேற்கொள்ள வேண்டுமென்ற ஆவல் அவரை விட்டபாடில்லை. அவருடைய உறவினராகிய அம்மையார் ஒருவர் அவ்வாவலை அறிந்து, படிப்புச் செலவை ஏற்றுக்கொள்ள முன்வந்தார். அவ்வுதவி கிடைத்திராவிடின், உலகம் ஒரு சிறந்த வைத்தியரை இழந்து, இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒரு சாதாரணக் குமாஸ்தாவைப் பெற்றிருக்கும். உறவின் முறையாருள் ஒருவருடைய பிள்ளையைப் படிக்க வைப்பதினால் விளையும் பயன் எத்துணைத் தூரம் செல்லக்கூடுமென்பதற்கு இஃதொரு சான்று.

மெக்கன்ஸி இலண்டன் ஆஸ்பத்திரியிற் சேர்ந்து கற்று 1858-ம் வருஷத்தில் ரண வைத்தியப் பரீட்சையில் தேறினார். அத்துடன் மனம் அமையாது, பாரிஸ், வியன்னா முதலிய நகரங்களுக்குச் சென்று மேலும் கற்கத் தலைப்பட்டார். அப்பிரயாணத்திலேதான் அவருடைய வாழ்க்கையின் போக்கு நிருணயிக்கப்பட்டது.

சிறு கண்ணாடியின் கதை

அப்போக்கை நிருணயித்தது ஒரு சிறு முகக்கண்ணாடி. அதன் வரலாற்றைக் கூறாது மெக்கன்ஸியின் வரலாற்றைக் கூற இயலாது. ஸ்பெயின் தேசத்துச் சங்கீதக் குடும்பமொன்றில் 1805-ம் வருஷம் பிறந்த மானுவெல் கார்ஸியா என்பவர் பாட்டுக் கற்பிக்கும் ஆசிரியர். தாம் கற்பிக்கும் குரல் எவ்வாறு உண்டாகின்றதென்பதைக் கண்ணாற் காணவேண்டுமென்னும் வேட்கை அவருக்கு நெடுநாளாக இருந்தது. 1854-ம் வருஷத்தில் அவர் பல் வைத்தியர் வழங்கும் நீண்ட காம்புள்ள சிறு கண்ணாடியொன்றைத் தம் தொண்டைக்குள்ளே வைத்து, மற்றொரு கண்ணாடியாற் சூரிய வெளிச்சத்தை அதன்மேல் விழச் செய்து, தம்முடைய குரல்வளையைத் தாமே கண்டார். மூச்சு விடும்போது திறந்தும், பாடும்போது நெருங்கி அதிர்ந்தும் நிற்கும் அம்மடிப்புக்களின் செயலை எழுதி, மறு வருஷத்தில் இலண்டன் ராயல் ஸொஸைடியார் முன்பு சமர்ப்பித்தார். இங்ஙனம் வைத்திய நூலுக்குப் புதியதொரு வாயிலைத் திறந்தவர் வைத்தியரல்லர், பாட்டு வாத்தியாரே.

அவ்வாயிலின் வழியே வைத்தியர்கள் உடனே நுழைந்துவிடவில்லை. சில ஆண்டுகளுக்குப் பின்னரே வியன்னாவில் டூர்க் என்பவர் நோயாளரிடம் அக்கண்ணாடியைப் பயன்படுத்தினார். சூரியன் மறைந்தபோது அவருடைய சோதனையும் நின்றது. செர்மாக் என்னும் பேராசிரியர் அவரிடமிருந்து கண்ணாடியை வாங்கி, சூரியனுக்குப் பதிலாக விளக்கொளியையும், ஒளியைக் குவிக்கும் குழிந்த கண்ணாடியையும் சேர்த்து, எந்நேரத்திலும் எவ்விடத்திலும் தொண்டையைச் சோதிக்கலாமென்று காட்டினார். ஹங்கேரி தேசத்துப் பெஸ்ட் நகரத்தில் மெக்கன்ஸி இச்செர்மாக்கைச் சந்தித்து, அக்கண்ணாடியைக் கையாளும் முறையை அவரிடமே கற்றுக்கொண்டார். அப்போது மெக்கன்ஸிக்கு இருபத்திரண்டு வயது. இதுவே தம் வாழ்நாட்பணியென்று அவர் உறுதி கொண்டார்.

தொண்டை ஆஸ்பத்திரி

இலண்டனுக்குத் திரும்பிய மெக்கன்ஸி மேற்பட்டங்களைப் பெற்றதோடு, குரல்வளை நோய்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சி வியாசத்திற்காக 1863-ம் வருஷத்தில் ராயல் ரண வைத்தியக் கல்லூரியாரின் ஜாக்ஸன் பரிசையும் பெற்றார். அவ்வருஷத்திலேயே தொண்டை நோய்களுக்கென்றே தனி வைத்திய நிலையமொன்றை ஏற்படுத்தினார். அது 1865-ம் வருஷத்திற் கோல்டன் ஸ்கொயர் என்னும் இடத்திற்கு மாறி, ஆஸ்பத்திரியாக வளர்ந்தது. தொண்டை நோய்க்கென்றே உலகில் ஏற்பட்ட முதல் ஆஸ்பத்திரி இதுவே யென்பர்.

இக்காலத்தில் ஓர் உறுப்புக்கு ஒரு வைத்தியசாலை இருப்பது நமக்கு விந்தையாகத் தோன்றாது. அக்காலத்து ஆங்கில வைத்தியர்களோ இதனை ஏளனஞ் செய்தனர். உடம்பு முழுவதையும் அறிந்தவரே வைத்தியர் என்றும், ஓர் உறுப்பை மட்டும் பிடித்துக்கொண்டு அதற்கெனப் பலகை தொங்கவிடுவது வியாபாரமென்றும் பேசினர். இக்குறைகூறலில் உண்மையே இல்லை யென்று நாம் கூறமாட்டோம். அத்தகைய வியாபாரிகளும் அந்நாளில் இருந்தனர். ஆனால் தொண்டையைக் கண்ணாடியிற் பார்ப்பது பார்த்துப் பார்த்தே கைவரும் வித்தை. ஒரு நாளில் ஒருவரைப் பார்ப்பவரினும் ஐம்பதின்மரைப் பார்ப்பவர் நன்கு காண்பர் என்பதில் ஐயமில்லை. ஏழைகள் கூட்டங் கூட்டமாக வந்தனர். அவர்களைப் பார்த்ததினால் அறிவு பெருகிற்று. அவ்வறிவினால் மறுபடியும் அவர்களே பயனடைந்தனர்.

கைத்திறனும் ஆராய்ச்சியும்

மெக்கன்ஸியின் கைத்திறனைப் பற்றி அவருடைய பகைவரும் குறை கூறியதில்லை. குரல்வளைக்குள் வளர்ந்த சிறு கட்டியை, கழுத்தை அறுக்காமல், வாய் வழியாகவே வளைந்த இடுக்கியைச் செலுத்தி, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் பிம்பத்தைப் பார்த்துக்கொண்டே பற்றியெடுப்பது எளிதான காரியமன்று. அவ்விடத்தில் மெல்லிய இறகு பட்டாலும் இருமல் வரும், தொண்டை மூடிக்கொள்ளும். தொண்டையை மரக்கச் செய்யும் கோக்கேன் மருந்து 1884-ம் வருஷத்திற்கு முன்பு வழக்கில் இல்லை. ஆதலின் நோயாளியைப் பல நாள் வரவழைத்து, கண்ணாடியும் கருவியும் படுவதைப் பொறுத்துக்கொள்ளப் பழக்கிய பின்னரே கட்டியை எடுக்க வேண்டியிருந்தது. இதற்கேற்ற இடுக்கிகளையும், விளக்கொளியைக் குவிக்கும் கருவியையும், உள்நாக்குச் சதையை வெட்டும் கருவியையும் மெக்கன்ஸி தாமே திருத்தியமைத்தார். அவர் பெயரால் அவை வெகுகாலம் வழங்கி வந்தன.

கைத்திறன் கையோடு மறையும். எழுதி வைத்ததே நிற்கும். இதனை அவர் நன்கறிந்திருந்தார். 1865-ம் வருஷத்தில் குரல்வளைக் கண்ணாடியின் உபயோகத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். 1871-ம் வருஷத்தில் வெளியிட்ட நூலிலே, குரல்வளைக் கட்டிகளுக்குத் தாம் வரிசையாகச் சிகிச்சை செய்த 100 நோயாளரின் விவரங்களை ஆராய்ந்து எழுதினார். வெற்றி கண்டவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துப் பெருமை பேசாமல், வந்த வரிசைப்படியே நூறு பேரையும் கணக்கிற் கொண்டதே அந்நூலின் சிறப்பு. ஆராய்ச்சி என்பதற்கு இலக்கணம் இதுவே யன்றோ? 1879-ல் டிப்தீரியா என்னும் தொண்டை அடைப்பான் நோயைப் பற்றி எழுதினார். பின்னர் தொண்டை, மூக்கு ஆகியவற்றின் நோய்களைப் பற்றி இரண்டு பெரிய பாகங்களாக 1880-லும் 1884-லும் வெளியிட்ட நூல் அத்துறைக்கே மூல நூலாக மதிக்கப்பட்டது. அதனை ஜெர்மன் பாஷையில் மொழிபெயர்த்தவர் பீலிக்ஸ் ஸெமன். அவரும் பின்னாளிற் பெரும்புகழ் பெற்ற தொண்டை வைத்தியரே.

பாடகர்க்கும் பேச்சாளர்க்கும்

நோயாளரைப் பார்த்ததோடு மெக்கன்ஸி நின்றாரல்லர். நோயில்லாத குரல் எவ்வாறு இயங்குகின்றது என்பதையும் அறிய விரும்பினார். இலண்டன் நாடக மேடைகளிலும் சங்கீத மண்டபங்களிலும் புகழ் பெற்றவர் பலர் அவருடைய ஹார்லி தெரு இல்லத்தை நாடி வந்தனர். பயின்றவரும் பயிலாதவருமாகிய பலரைப் பாடச் சொல்லி, பாடும்போதே கண்ணாடியில் அவர்தம் குரல்வளையைச் சோதித்து, கண்டவற்றைக் குறித்து வைத்தார். அக்குறிப்புக்களின் பயனாகப் பாடகர்க்கும் பேச்சாளர்க்கும் கைந்நூலாகக் குரற்கருவிகளின் சுகாதாரம் பற்றிய நூலொன்றை 1886-ம் வருஷத்தில் வெளியிட்டார்.

குரல் உண்டாவதற்கு மூன்று வேண்டும். துருத்திபோற் காற்றை அனுப்பும் நுரையீரல் ஒன்று. காற்றைத் தடுத்து அதிரும் குரல்நாண்கள் ஒன்று. அவ்வொலியைப் பெருக்கி இனிமையாக்கும் தொண்டை, வாய், மூக்கு ஆகிய அறைகள் ஒன்று. இம்மூன்றனுள் எதனை வருத்தினாலும் குரல் கெடும். நாயனக்காரர் சீவாளியைக் காப்பது போலப் பாடகர் குரல்நாணைக் காத்தல் வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு: சீவாளி பழுதானால் வேறொன்று செருகிக்கொள்ளலாம், குரல்நாணுக்கு மாற்று இல்லை. தாழ்ந்த ஸ்தாயியிலே குரல்நாண்கள் முழு நீளத்திற்கும் அதிர்கின்றன. உச்ச ஸ்தாயியில், கள்ளக்குரலிலே, ஒரு பகுதி மட்டும் அதிர்கின்றது என்பது மெக்கன்ஸி கண்டு கூறிய முடிவு. இருபதாம் நூற்றாண்டில் ஏற்பட்ட அதிவேகப் படக்கருவிகள் இம்முடிவைத் திருத்தின. எனினும் பாடகரைப் பாடவைத்துப் பார்த்தே முடிவு கூற வேண்டுமென்னும் முறை நிலைத்து நின்றது. முடிவு மாறலாம்; முறை மாறாது. இதுவே சாஸ்திரத்தின் இயல்பு.

பட்டத்திளவரசரின் தொண்டை

இனி மெக்கன்ஸியின் வாழ்க்கையில் மிகப் பெரிய சோதனையைக் கூறுவோம். ஜெர்மனியின் பட்டத்திளவரசர் பிரெடெரிக் அக்காலத்தில் ஐம்பத்தைந்து வயதினர். விக்டோரியா அரசியாரின் மூத்த மகளாரை மணந்தவர். போரில் வெற்றி கண்டவராயினும் சமாதானத்தையும் ஜனங்களின் உரிமையையும் விரும்பியவர். இவர் பட்டமெய்தினால் ஐரோப்பாவின் போக்கே மாறுமென்று பலர் நம்பியிருந்தனர். 1887-ம் வருஷத்துத் தொடக்கத்தில் இவருக்குக் குரல் கம்மத் தொடங்கிற்று. மார்ச்சு மாதத்தில் பெர்லின் பேராசிரியர் கெர்ஹார்ட் சோதித்து, இடது குரல்நாணில் ஒரு சிறு கட்டியைக் கண்டார். அதனைக் கம்பியாலும், மின்சாரத்தாற் காய்ந்த ஊசியாலும் அகற்ற முயன்றார். கட்டி மீண்டும் வளர்ந்தது.

மே மாதத்தில் ரண வைத்தியப் பேராசிரியர் பெர்க்மன் முதலியோர் கூடி ஆராய்ந்து, இது புற்றுநோயே யென்று கருதி, கழுத்தை வெளியிலிருந்து பிளந்து கட்டியை அகற்ற நாள் குறித்தனர். அதற்குமுன் மற்றொரு தொண்டை நிபுணரின் அபிப்பிராயமும் அறியவேண்டுமென்று தீர்மானிக்கப்பட்டு மெக்கன்ஸி அழைக்கப்பட்டார். அவர் மே மாதம் 20-ந் தேதி பெர்லின் சேர்ந்தார்.

அவர் கூறியது ஒன்றே: கண்ணாற் பார்த்த மாத்திரத்தில் இது புற்றுநோயென்று துணிந்து ஒருவர் கழுத்தைப் பிளத்தலாகாது, கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துப் பூதக்கண்ணாடியிற் சோதித்து நிச்சயித்தல் வேண்டும். மறுநாளே வாய் வழியாக இடுக்கியைச் செலுத்தி ஒரு துணுக்கை எடுத்தார். அது உலகப் பிரசித்தி பெற்ற பேராசிரியர் விர்ஷோவிடம் அனுப்பப்பட்டது. அதில் புற்றுநோய்க்கு உரிய அடையாளம் காணப்படவில்லை யென்று அவர் அறிவித்தார். ஜூன் மாதம் 8-ந் தேதி மெக்கன்ஸி எடுத்த பெரிய துணுக்கிலும் அவ்வடையாளம் காணப்படவில்லை. ரண சிகிச்சை நிறுத்தப்பட்டது.

இளவரசர் இங்கிலாந்து சென்று, ஜூன் மாதம் 21-ந் தேதி நடைபெற்ற விக்டோரியா அரசியாரின் ஐம்பதாண்டு ஜூபிலி ஊர்வலத்தில் வெண்ணிற உடையிற் குதிரைமேற் கம்பீரமாகச் சென்றதை ஜனங்கள் கண்டு மகிழ்ந்தனர். மெக்கன்ஸிக்கு அவ்வருஷம் ஸெப்டம்பர் மாதத்தில் ஸர் பட்டம் அளிக்கப்பட்டது. அவருடைய கீர்த்தி உச்சத்தை அடைந்த காலம் அது.

அவ்வுச்சியில் அவர் நின்றது சில வாரங்களே. நவம்பர் மாதத் தொடக்கத்தில் இத்தாலி தேசத்து ஸான் ரெமோ என்னும் கடற்கரையூரில் தங்கியிருந்த இளவரசரை மெக்கன்ஸி மீண்டும் சோதித்தபோது, முன்னையதினும் கீழே புதிதாக ஒரு கட்டி தோன்றியிருந்தது. அதன் தோற்றம் வேறாயிருந்தது. இது கொடிய நோயாகவே இருக்கக்கூடுமென்று அவர் இளவரசரிடம் மறையாமற் கூறினார். இளவரசர் கலங்காது கேட்டாராம். குரல்வளை முழுவதையும் வெட்டியெடுப்பதா, இருக்கும்வரை துன்பத்தைத் தணிப்பதா என்னும் கேள்வி எழுந்தபோது, வெட்டியெடுப்பதற்கு அவர் உடன்படவில்லை. 1888-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 9-ந் தேதி மூச்சுத் திணறல் மிகுந்ததனால், பெர்க்மனின் உதவி வைத்தியர் பிரமன் என்பவர் கழுத்திலே துளையிட்டு மூச்சுக் குழலைப் பொருத்தினார். அன்று முதல் இளவரசர் பேச்சிழந்து எழுதிக் காட்டலானார்.

சரியாக ஒரு மாதத்திற்குப் பின், மார்ச்சு மாதம் 9-ந் தேதி, முதிய சக்கரவர்த்தி வில்லியம் காலமானார். குரலற்ற பிரெடெரிக் சக்கரவர்த்தியானார். அவர் ஆண்டது 99 நாட்களே. ஜூன் மாதம் 15-ந் தேதி போட்ஸ்டாம் அரண்மனையில் உயிர் துறந்தார். உடலைச் சோதித்தபோது புற்றுநோயென்பது ஐயமற விளங்கிற்று.

பழியும் வாதமும்

சக்கரவர்த்தியின் மரணத்திற்குப்பின் எழுந்த சச்சரவு மரணத்தினும் கொடியது. ஜெர்மானிய வைத்தியர்கள் தங்கள் பக்கத்து விவரங்களை வெளியிட்டு, மெக்கன்ஸி தடுத்திராவிடின் சக்கரவர்த்தி பிழைத்திருப்பாரென்று குற்றஞ் சாட்டினர். மெக்கன்ஸி அவ்வருஷத்திலேயே ஒரு நூல் எழுதி, முதலிற் செய்த சூட்டுச் சிகிச்சையையும், மூச்சுக்குழலை மாற்றியபோது நேர்ந்த காயத்தையும் எடுத்துக்காட்டி, பெர்க்மன் முதலியோரைக் கடுமையாகத் தாக்கினார். நோயாளியின் அந்தரங்கங்களை இங்ஙனம் சந்தைக்குக் கொணர்ந்தது வைத்திய தருமத்திற்கு ஏற்றதன்றென்று அவருடைய நாட்டாரே வருந்தினர். 1889-ம் வருஷத்தில் ராயல் ரண வைத்தியக் கல்லூரியார் அவருடைய செயலைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றினர். முன்பு பரிசளித்த கல்லூரியே இப்போது கண்டனம் அளித்தது.

இவ்வழக்கில் நாம் எவ்வாறு தீர்ப்புக் கூறுவது? இரு பக்கத்தையும் நிதானமாகச் சீர்தூக்கல் வேண்டும். நோயைப் பற்றிய வரையில் ஜெர்மானியர் கருதியதே மெய்யாயிற்று. அதனை மறுக்க இயலாது. ஆனால் அவர்கள் தக்க சான்று கையில் வைத்துக்கொண்டு கூறினாரல்லர். மெக்கன்ஸி சான்று கேட்டார். கிடைத்த சான்றோ அவரைக் கைவிட்டது. கட்டியின் ஒரு மூலையில் எடுத்த துணுக்கிலே புற்றுநோய் காணப்படாமையால், கட்டி முழுவதிலும் அஃதில்லை யென்று முடிவு செய்தல் கூடாது. மேற்புறம் வெறுந் தடிப்பாயிருக்க, அடியிலே நோய் பதுங்கியிருக்கக்கூடும். இதனை இக்காலத்து மருத்துவ மாணாக்கர் ஒவ்வொருவரும் கற்கின்றனர். சான்று கிடைக்கவில்லை யென்பது வேறு. நோய் இல்லை யென்பது வேறு. இவ்விரண்டையும் அன்று ஒன்றாகக் கொண்டதே பிழை. விர்ஷோ தம்மிடம் வந்த துணுக்கைப் பற்றி மட்டுமே எழுதினார். ஆனால் நம்பிக்கையை நாடி நின்ற அரண்மனையும் பத்திரிகைகளும் அதனைக் கட்டி முழுவதற்கும் உரிய தீர்ப்பாகக் கொண்டன. மெக்கன்ஸியும் தம் நம்பிக்கையைச் சான்றின் அளவிற்கு மிஞ்ச விட்டார்.

மறுபுறத்தையும் நோக்குவோம். குரல்வளை முழுவதையும் புற்றுநோயின் பொருட்டு முதன்முதல் அகற்றியவர் வியன்னா நகரத்து பில்ராத்; அது நிகழ்ந்தது 1873-ம் வருஷத்துக் கடைசி நாளில். அந்நோயாளி ஓராண்டு நிரம்புமுன் நோய் மீண்டு இறந்தார். அதற்குப்பின் இத்தகைய சிகிச்சைக்கு உட்பட்டவருள் விரைவில் மாண்டவரே மிகுதி. பெர்க்மன் முதலிற் கருதிய சிகிச்சை இதனினும் சிறியதாயினும், அபாயமற்றதன்று. ரண சிகிச்சை நடந்திருப்பின் பிரெடெரிக் பிழைத்திருப்பாரென்று உறுதியாகக் கூறுவாரும் இல்லை. பிழைத்திருக்கமாட்டாரென்று உறுதியாகக் கூறுவாரும் இல்லை. அவருக்குப் பின் பட்டமெய்திய மகன் இரண்டாம் வில்லியம் காலத்திலேயே ஐரோப்பாவை அழித்த முதல் மகா யுத்தம் மூண்டதாகலின், ஒரு தொண்டைக் கட்டியின்மேல் உலகத்தின் விதியே தொங்கிற்று என்று எழுதுவோரும் உளர். அத்துணைத் தூரம் செல்ல நாம் விரும்பவில்லை. ஒரு மனிதனுடைய நோயின்மேல் தேசங்களின் பகைமையை ஏற்றினால் வைத்தியரின் அறிவு தெளிவாக வேலை செய்யாது என்பது மட்டும் திண்ணம்.

இறுதி நாட்கள்

இத்துணைப் பழிக்கிடையிலும் மெக்கன்ஸி தம் பணியை விட்டாரல்லர். நார்ரிஸ் உல்பெண்டன் என்பவருடன் சேர்ந்து 1887-ம் வருஷத்தில் அவர் தொடங்கிய குரல்வளை வைத்தியப் பத்திரிகை, பெயரில் சிறிது மாறி, இன்றும் வெளிவந்துகொண்டிருக்கின்றது. 1888-ம் வருஷத்தில் இத்துறை வைத்தியர்களுக்கென ஒரு சங்கத்தையும் ஏற்படுத்தினார். பிறர் மூச்சைக் காத்த இவருக்கு நெடுங்காலமாகவே மூச்சிரைப்பு நோய் இருந்து வந்தது. 1892-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 3-ந் தேதி, ஐம்பத்து நான்காம் வயதில், இலண்டனிற் காலமானார். பெர்க்ஷயர் ஜில்லாவைச் சேர்ந்த வார்கிரேவ் என்னும் கிராமத்தில் அவருடைய உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அவருக்குக் கண்ணாடியை வழங்கிய பாட்டு வாத்தியார் கார்ஸியா அவருக்குப் பின்னும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, நூறாண்டு நிறைவைக் கண்டு, 1906-ல் மறைந்தார். கோல்டன் ஸ்கொயர் ஆஸ்பத்திரி பிற்காலத்தில் மற்றொரு ஆஸ்பத்திரியுடன் இணைந்து, இலண்டன் மாநகரின் பெரிய காது மூக்குத் தொண்டை வைத்திய நிலையமாக வளர்ந்தது.

நாம் கொள்ளத்தக்கவை

இச்சரித்திரத்தினின்று நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் கொள்ளத்தக்கவை சில உள. சளியும் தடிமனும் இல்லாதிருக்கவும் குரற்கம்மல் மூன்று வாரத்திற்குமேல் நீடிக்குமானால், அதனைச் சூடென்றும் குளிர்ச்சியென்றும் சொல்லிக் காலங் கடத்தாது, தொண்டை வைத்தியரிடம் காட்டிக்கொள்ளல் வேண்டும். குரல்நாணில் தோன்றும் புற்றுநோய் தொடக்கத்திலேயே குரலை மாற்றித் தன்னைக் காட்டிக்கொடுப்பதாகலின், விரைவிற் கண்டால் பெரும்பாலும் குணப்படுத்தத்தக்கது. அன்று சக்கரவர்த்திக்கும் கிட்டாத சிகிச்சை இன்று சாதாரணக் குடும்பத்தார்க்கும் கிட்டுகின்றது. பிரெடெரிக் புகைக்குழாயை விடாது பிடித்து வந்தவர். சுருட்டு, பீடி, சிகரெட்டு ஆகியன குரல்வளைப் புற்றுநோய்க்கு முதற்காரணமென்பது இன்று ஐயத்திற்கிடமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது; மதுவும் உடன் சேர்ந்தால் அபாயம் பன்மடங்கு பெருகும். ஆசிரியரும், பாடகரும், கூவி விற்பவரும் தொண்டை வறண்டபோது தண்ணீர் பருகுதலும், களைத்தபோது பேசாதிருத்தலும் குரலுக்குச் செய்யும் சிறு தருமங்கள்.

வைத்தியரிடம் நாம் நிச்சயமான வார்த்தையையே எதிர்பார்க்கின்றோம். நிச்சயமில்லாதபோதும் அதனையே வற்புறுத்திக் கேட்கின்றோம். மெக்கன்ஸியினிடம் ஓர் அரண்மனையே அவ்வாறு கேட்டது. தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துரைக்கும் வைத்தியரைக் குறைவாக மதியாது, அவரையே நம்பத்தக்கவராகக் கொள்ளும் பழக்கம் நம் இல்லங்களிற் பரவுமாயின், அதுவே அவருடைய வாழ்க்கையினின்று நாம் பெறும் பெரும்பயனாகும். குமாஸ்தாவின் மேசையினின்று எழுந்து, ஒரு சிறு கண்ணாடியைத் துணையாகக் கொண்டு, இருளில் மறைந்திருந்ததை உலகுக்குக் காட்டிய ஸர் மாரெல் மெக்கன்ஸியின் பெயர், மனிதர் பாடியும் பேசியும் வாழுமளவும் நன்றியுடன் நினைக்கத்தக்கதாம்.